துவைத்துப் போட்ட மண்டபம்

போன வாரம் ஐதராபாத் கொண்டாப்பூரில் பேத்தி ஒரு புதுச் சட்டையை நீட்டி, "தாத்தா, ப்யூர் லினன்! ஜரா தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். "க்யா ஹுவா தாத்தா, என்ன ஆச்சு?" என்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல! உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

நிஜாம் காலம். கல்யாணமான புதிதில், பிரெஞ்சுக்காரக் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வரைபடம் நகலெடுக்கும் வேலை பார்த்தேன். புதுச்சேரி வழியாக வந்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசே என்பார்கள், எங்களுக்கு அவர் முசே. தமிழும் ஐதராபாத் உருதுவும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு. முப்பது வருஷமாக இங்கே பிரபுக்களுக்கு அவர் போட்டுக் கொடுத்த மாடிப்படி எத்தனை, பால்கனி எத்தனை! எல்லாம் அடுத்தவர் மாளிகையில் ஒட்டுவேலை. முழுசாக அவர் கட்டடம் என்று ஒன்று கிடையாது. கடைசியில் ஒரு சங்கீத மண்டபம் கட்டித் தர அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருஷம் வரைந்தார். வெள்ளிக்கிழமை அரண்மனையில் காட்ட வேண்டும்.

அப்போதெல்லாம் கஞ்சி ஏற்றிய மெல்லிய லினன் துணியில்தான் மையால் வரைவோம். கழித்துப்போட்ட படங்கள் ஜன்னலோரம் கிடக்கும். எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவோம். வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சியோடு மையும் போய்விடும். கைக்குட்டை தைக்கலாம், குழந்தைச் சட்டை தைக்கலாம். கடைத்துணி அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்!

என் மூத்தவனுக்கு அப்போது மூன்று மாதம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீசில் வெள்ளையடித்தார்கள். சாமானெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ஜன்னலோரம் இருந்த சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், மகா கெட்டிக்காரன் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போலாரத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை முசே ஆபீசையே புரட்டிப் போட்டார். "தம்பி, மண்டபம் எங்க?" ஐயோ, செவ்வாய்க்கிழமை நான் தூக்கிப் போன சுருள்! அதற்குப் பிரதிகூட எடுத்திருக்கவில்லை. நான்தான் எடுத்துப் போனேன் என்று உளறினேன்.

அவர் காரிலேயே என் வீட்டுக்குப் போனோம். என் மனைவி விசாலம் சிரித்த முகமாக வெளியே வந்தாள். "என்ன நைசுங்க துணி! நேத்தே தொவச்சு வெட்டித் தெச்சுட்டேன். ஆறு சட்டை வந்துது." ஐந்து கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. ஆறாவது பிள்ளை உடம்பில்.

முசே ஒரு சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தூண் இல்லை, விதானம் இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. அடிப்பாரா, போலீசைக் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "கைக்கு?" என்றார். ஏன் என்று கேட்கிறார். விஷயம் புரிந்ததும் விசாலம் முகம் வெளிறிப்போய், பிள்ளையின் சட்டையைக் கழற்றப் போனாள்.

"நக்கோ, நக்கோ" என்று தடுத்தார் முசே. "குளிரும்."

வெள்ளிக்கிழமை அவர் அரண்மனைக்குப் போகவில்லை. அதன்பிறகு அவர் பென்சிலைத் தொட்டு நான் பார்க்கவுமில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நிஜாம் ஆட்சி முடிந்த வருஷம் ஒரே ஒரு பெட்டியோடு ரயிலேறிப் போனார். அவர் போட்ட மாடிப்படிகளை மாளிகைகளோடு சேர்த்து இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். அந்த ஆறு சட்டையையும் என் மூன்று பிள்ளைகளும் ஒருவர் மாற்றி ஒருவர் போட்டார்கள். நைந்துபோனதும் விசாலம் அடுப்படியில் கரித்துணி ஆக்கிக்கொண்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.