கேள்விக்கு முந்திய பதில்

இது கட்டிச் சொல்லும் கதை இல்லை. 1999 மாரியில், கல்முனைத் தொலைபேசி நிலையமொன்றில், பட்டப்பகலில் நடந்தது. அந்த நிலையத்தை நடத்திய ஷரிபுதீன் பேய்க்குப் பயந்தவர் அல்ல. மின்வெட்டுக்கு மட்டும்தான் பயம்.

பாண்டிருப்புக் கனகேஸ்வரி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மறுநாள் துடக்குக் கழிவு, பெயர் வைக்கவேண்டும். புருசன் நல்லரெத்தினம் கட்டார் நாட்டில் வேலை. அவன் வாயால் கேட்காமல் பெயர் வைக்கமாட்டேன் என்று நின்றாள். அவனுடைய அறைக் கூட்டாளி மஜீட்டிடம் கணினி இருந்தது. நிலையத்துக் கணினியிலிருந்து இணையத்தில் அதோடு பேசினால் மலிவு. ஆனால் குரல் துண்டு துண்டாக வந்தது.

"நானா, என்ர மனுசன் கதைக்காரா, விக்குறாரா?"

"இருங்க தங்கச்சி. வாற பேச்சு தங்க இடம் காணாது. வழியுது."

இணையத்தில் வரும் குரல், காதுக்குப் போகும்வரை, கணினியை இயக்கும் லினக்ஸ் கேர்னலின் நினைவகத்தில் காத்திருக்கும். அந்த இடத்தின் உச்சவரம்பை ஷரிபுதீன் நான்கு மடங்காக்கினார். இனிச் சிதறாது. கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான்.

மீண்டும் இணைத்தார். குரல் தெளிந்தது. ஆனால் பிந்தவில்லை...

"ஓம், சாப்பிட்டன்."

சாப்பிட்டாயா என்று கனகேஸ்வரி இன்னும் கேட்கவே இல்லை.

ஷரிபுதீன் மோடத்தைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. தங்கிய குரல்தான் வருகிறது என்று நினைத்தார். ஆனால் கூட்டிய இடத்திலும் இரண்டு நிமிடப் பேச்சுக்கு மேல் நிற்காது. அவன் பேசிக்கொண்டே இருந்தான்...

தங்கிய குரல் ஒலிக்கலாம்.

பதில் சொல்லுமா?

"இஞ்சேருங்க, பெயருக்கு ஐயர்..."

"'த' எழுத்துத்தானே. தர்சிகா எண்டு வை."

பிள்ளை சிணுங்கியது.

"அழவிடாத, ஈஸ்வரி."

பிறகு இரைச்சல்...

பிறகு அதுவும் இல்லை.

கனகேஸ்வரி ஒலிவாங்கியை விடவில்லை. "ஐயர் இண்டைக்குக் காலையிலதான் எழுத்துச் சொன்னவர், நானா. இவருக்கு ஆர் சொன்ன?"



மறுநாள், பெயர் வைத்த பிறகு, மஜீட் தொலைபேசியில் வந்தான். "நல்லரெத்தினம் நேத்து விடிய, வேலைக்குப் போன இடத்துல கட்டடத்தால விழுந்துட்டாரு நானா. அங்கேயே உசிர் போயிட்டு, மவுத்து."

"நேத்துப் பின்னேரம் உங்கட கணினியில..."

"அத ஆரும் திறக்கல்ல. எல்லாரும் ஆசுபத்திரியில."

மஜீட்டே கேட்டான்:

"புள்ளைக்கு என்ன எழுத்து வந்ததாம்? விழுறதுக்கு முதல் ராவெல்லாம் அதையேதான் கதைச்சிட்டிருந்தாரு. தெரியாமலே போயிட்டாரு."