முப்பதுக்குக் கீழே வந்தால்தான் உள்ளே: கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பேட்டரிப் பயணம்

பதினொரு மாதம் காத்திருந்து, போன ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் மின்சாரக் காருக்குப் புது பேட்டரி வாங்கிவிட்டோம். திருநின்றவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு 52 கிலோமீட்டர்தான். ஆனாலும் நான் போன பயணங்களிலேயே அதிகம் வியர்த்ததும் இதில்தான், அதிகம் குளிர்ந்ததும் இதில்தான். இதே வரிசையில் நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வண்டியின் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. மாற்றித் தரும்வரை 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. வழியில் வேகச் சார்ஜ் கூடாது. கட்டடத்துக்குள் நிறுத்தவும் கூடாது. அம்மா வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவர். செய்தி பரவியதும் எந்த அடுக்ககத்திலும் வண்டியை உள்ளே விடவில்லை. கனமான பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கி, கடைசியில் அம்மாவின் முதுகுக்கே வைத்தியம் தேவைப்பட்டது. எங்கள் அடுக்ககச் செயலர் குமரேசன் அங்கிளும் வண்டியைத் தண்டவாளத்தை ஒட்டிய காலி மனைக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் நிறுத்தும் இடத்தில் அவர் வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டிகள் குடியேறின.

ஒருவழியாகக் குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறு பகல் 12 மணிக்குள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள பணிமனையில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் கடைசி. பெரியபாளையம் வழியாகத்தான் போக வேண்டும். ஆடி ஞாயிறன்று பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலை 7.30க்குப் புறப்பட்டோம். அம்மா ஓட்ட, பக்கத்தில் அம்மாவின் தம்பி செல்வம் மாமா, பின்னால் நான். 60 சதவீதத்தில் நெரிசலையும் தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பு மாணவியான நான் ஒரு திட்டம் வகுத்திருந்தேன்: ஏசி கிடையாது, பாட்டு கிடையாது, வேகம் ஐம்பதுக்கு மேல் கிடையாது.

"ரயில் ஏறியிருந்தா இந்நேரம் நெல்லூர்ல நாஷ்டா துன்னுக்கினு இருக்கலாம்," என்றார் மாமா, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

"கார ரயில்ல ஏத்த முடியாது மாமா."

"என்னை ஏத்தலாம்ல?"

தாமரைப்பாக்கம், வெங்கல் வரை சாலை காலியாக இருந்தது. பெரியபாளையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே எல்லாம் நின்றுவிட்டது. மஞ்சள் புடவைகள், வேப்பிலைக் கட்டுகள், பொங்கல் பானையோடு வந்த டிராக்டர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் வழியே வெயிலும் பம்பைச் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தன. அம்மாவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது; என் கண் சார்ஜ் எண்ணில் இருந்தது. அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்துப் பெட்ரோல் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஏசி போடாத எங்கள் வண்டியோ நின்றபடி ஏறக்குறைய எதையுமே செலவழிக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணியைத் தாண்டி, புதுவாயலில் நெடுஞ்சாலையைப் பிடித்து, கவரைப்பேட்டை கடந்து, 11.15க்குப் பணிமனை வாசலில் நின்றோம். 34 சதவீதம் மிச்சம்! பெருமையாகக் கதவைத் திறந்து இறங்கினேன்.

வாசலில் இருந்த காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னாமா, இவ்ளோ வச்சிக்கினு வந்துகீறீங்க? முப்பதுக்குக் கீழ இருந்தாதான் உள்ள."

பேட்டரியில் மின்சாரம் குறைவாக இருந்தால்தான் அதைப் பாதுகாப்பாகக் கழற்றி இறக்க முடியுமாம். குறுஞ்செய்தியில் இது இல்லை. மற்றவர்கள் தொலைவிலிருந்து ஏசி போட்டுக்கொண்டு வருவதால் யாருக்கும் இந்தச் சிக்கல் வந்ததில்லை.

அம்மாவின் முகம் வாடியது. "இத்தன மாசம் காத்திருந்து, இப்ப சார்ஜ் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்புவீங்களா?"

"திருப்பி யாருமா அனுப்புனா? பன்னெண்டு வரிக்கும் டைம் கீது. செலவு பண்ணிக்கினு வா. வழில நின்னுட்டா சொல்லு, நாலு பேர் வந்து தள்ளிக்கினு வர்றோம்."

மாமாவின் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் பார்த்ததே இல்லை. "அக்கா," என்றார், "ஏசி போடு."

ஏசி பதினாறு டிகிரி. காற்று முழு வேகம். முகப்பு விளக்கு, கண்ணாடித் துடைப்பான், பாட்டு எல்லாம் ஒன்றாக ஓடின. அப்போதும் எண் மெதுவாகத்தான் இறங்கியது. "எல்லா ஜன்னலையும் தொறந்துடலாம்மா, குளிர் வெளிய போனா ஏசி நிக்காம ஓடும்," என்றேன். சிப்காட் சாலைகளில் லாரிகளுக்கு நடுவே சுற்ற ஆரம்பித்தோம். தேநீர்க் கடையில் நின்ற ஒருவர், "இன்னா, ஊருக்கே ஏசி போட்றீங்களா?" என்று கத்த, மாமா அவருக்குக் கையசைத்தார். 33. 32. இரும்பாலைச் சுவரை மூன்றாம் முறை சுற்றும்போது 31. அம்மா சிரிக்க ஆரம்பித்திருந்தார். பதினொரு மாதத்தில் அந்த வண்டிக்குள் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

11.52க்கு வாசலில் நின்றபோது 29.

"உள்ள வுடு!" என்று காவலாளி கதவை முழுவதுமாகத் திறந்தார்.

மூன்றரை மணி நேர வேலை. பேட்டரிக்குக் கட்டணமில்லை. ரயில் நிலையம் அருகே மூவருக்கும் சாப்பாடு 330 ரூபாய். திரும்பும்போது ஏசி 24இல் இருந்தது. காலையில் ஏசியே கூடாது என்ற எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

போகப் போகிறவர்களுக்கு: எத்தனை சதவீதத்தோடு வர வேண்டும் என்று முதலில் பணிமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். முக்கியமாக, எவ்வளவு தேவை என்று தெரியாமல் மிச்சம் பிடிக்காதீர்கள். என் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது பாதிக் கேள்விக்கான விடை.

மாலை ஆறரைக்கு வீடு. அம்மா வண்டியைக் காலி மனைப் பக்கம் திருப்பவே இல்லை. நேராக எங்கள் இடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஒலியெழுப்பினார். குமரேசன் அங்கிள் வெளியே வந்து பணிமனைச் சான்றிதழைப் படித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பெரியபாளையம் போவணும்னு ஊட்ல சொல்லிக்கினே இருக்காங்கம்மா," என்றார் மூச்சு வாங்கியபடி. "உங்க வண்டி சும்மாதானே இருக்கும்?"

"தாராளமா போலாம் சார், ஏசி போட்டே கூட்டினு போறேன்," என்றார் அம்மா. "மொதல்ல அந்தக் கடைசித் தொட்டிய நகத்துங்க. வண்டி உள்ள வரணும்."