இத்தாலிக்குப் போன என் இறக்கைகள்

எங்கள் ஊர் பேசாலைக் கரையில் கூரையில்லாத கொட்டிலில் ஃபைபர் வள்ளங்கள் கட்டினேன். போரால் கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்திலும் கட்டினேன். கொட்டில் எரிந்தபிறகு தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் இருந்து கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுவிசுக்கு வந்து, டொச் என்கிற ஜெர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாமல், மூன்று விமானங்களுக்கு இறக்கை செய்தேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். முழுதும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

லாங்கன்தால் என்ற ஊருக்கு வெளியே இருக்கிறது பட்டறை. முதலாளி பியேத்ரோ இத்தாலிக்காரர். இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர்களை வரைகிறவர். அவர் மனதில் ஒரு விமானக் குடும்பமே இருந்தது. மூத்தது சின்ன இறக்கையோடு ஓராள் விமானம், அடுத்தது அதே உடம்புக்கு நீண்ட இறக்கை, மூன்றாவது இரண்டுபேர் இருக்கக்கூடியது. இங்கே பசையைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் தருவார்கள். வாளியைக் கண்ணால் பார்த்து ரெசின் பசை கலக்கின எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

வள்ளத்தின் அடி பாறையில் உரசும் என்று ஊரில் இன்னொரு படை துணி வைப்போம். முதல் இறக்கையின் அடியிலும் அப்படியே வைத்துவிட்டேன். பியேத்ரோ தூக்கிப் பார்த்தார். பாரம் கூடியிருந்தது.

“இது என்னத்துக்கு?” பாதி டொச், பாதி கை.

“பாறை பட்டால் தாங்கும்.”

அவர் கூரை முகட்டுக்கு மேலே வானத்தைக் காட்டினார். “அங்கை எங்கை பாறை?”

ரம்பவாளை எடுத்து இறக்கையை அறுத்தே போட்டார். ஏசவில்லை. அடுத்த நாள் தராசை என் மேசைக்கு மாற்றி, பக்கத்தில் சுடச்சுட ஒரு கோப்பியும் வைத்தார்.

மூன்றாவது விமானத்தில்தான் நான் யார் என்று காட்டினேன். இரண்டாவது இருக்கைக்கு உடம்பு நீளவேண்டும். உடம்பை வார்க்கிற அச்சைப் புதிதாகச் செய்ய நேரமில்லை. வள்ளத்தை நடுவில் அறுத்து நீட்டுவது எங்கள் கரையில் வழமை. அச்சை அறுப்போம் என்றேன். பியேத்ரோ கணக்குப் போட்டு, அறுக்கவேண்டிய இடத்தில் கோடு கீறித் தந்தார். வளைவு முறியாமல் இடைத்துண்டைப் பொருத்தியது நான். கணக்கு அவருடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை.

முதற்பறப்பு இத்தாலியில், அவருடைய ஊர்த் திடலில். பட்டறையே புறப்பட்டது. அகதி மனு முடியாத எனக்கு நாட்டைவிட்டு அசைய முடியாது. அனுமதி கேட்டு, கன்ரோன் என்கிற மாகாண அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல மனுசி. அதற்குள் நான் பொறுக்கியிருந்த அரைகுறை டொச்சில்தான் கதைத்தோம்.

“இத்தாலியிலை சொந்தக்காரர் ஆருக்கும் கடும் நோய் வருத்தமோ?”

“இல்லை. ஒரு விமானம் பறக்குது.”

“அதிலை நீங்கள் போறியளோ?”

“இல்லை. கீழை நிண்டு பாக்கப்போறன்.”

“அப்ப படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ,” என்று என் மனுக் கோப்பை மூடினாள்.

இறக்கைகளை இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கயிறு கட்டியது நான்தான். வாகனம் போனபின் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். மனைவி பிலோமினா விடவில்லை.

“நீங்கள் கட்டின வள்ளம் எதிலைதான் ஏறிப் போனனீங்கள்? இப்ப என்ன புதுக் கவலை?”

“கரையிலை நிண்டு பாத்தனான்தானே.”

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

படம் வந்தது. விமானத்தைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். அதை வைத்து ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கப்போகிறார்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்கள் கீழே. மற்றவர்கள் “உதவியாளர்கள்.” என் பெயர் எங்கே என்று கேட்டேன். “நீ படத்திலை இல்லையே,” என்றார் பியேத்ரோ. கெட்ட மனிதரல்ல. அவருக்கு அது விளங்கவில்லை.

பறக்க முதலே அதன் வாலில் இத்தாலி நாட்டுப் பதிவு எழுத்தை ஒட்டிவிட்டார்கள். லாங்கன்தாலில் பிறந்தது, ஒரே நாளில் அந்த ஊர்க்காரன். நான் ஊருக்கும் போகமுடியாமல், இந்த ஊர்க்காரனாகவும் ஆகாமல், தங்கியிருக்கும் பெர்மிற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். என் கை மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் பறக்கிறது.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இதை வாசிக்கிற யாராவது பியேத்ரோவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். படத்தில் நான் இல்லாவிட்டால் பரவாயில்லை. உதவியாளர் என்று போடக்கூடாது. மூன்றாவது விமானத்தின் உடம்பை நீட்டியவர் பேசாலை இன்னாசிமுத்து என்று, மற்றப் பெயர்களின் அதே அளவு எழுத்தில் போடவேண்டும்.