ஆழ்வார்பேட்டையில் குளிர் விற்றவன்

சைக்கிள் விற்பது சுலபம். சைக்கிளில் ஏறுகிறவருக்கு உடுப்பு விற்பதுதான் பெரும்பாடு, அதுவும் மார்கழியில். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த என் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் துணிப் பிரிவு என்னுடையது. துணிப் பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கண்ணாடி, ஒரு ஸ்டாண்டு, நான். எங்கள் ஓனர் தீபாவளி லீவில் குடும்பத்தோடு மணாலி போனார். அங்கே பல் கிடுகிடுக்க நின்றபோது அவருடைய வியாபார மூளை விழித்துக்கொண்டது. அவர் ஊர் திரும்பிய கையோடு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் ஜெர்கின்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. சென்னைக்கு! இங்கே மார்கழியில் வருவது குளிர் இல்லை, குளிர் வந்துவிட்டது என்கிற வதந்தி.

என் வீடு மந்தைவெளி. மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குப் போய், சுடச்சுட ரசம் சாதம் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருகிற பாக்கியசாலி நான். எங்கள் கோடவுன் இருப்பதோ பெருங்குடியில். அங்கே டப்பா சாதம், குப்பைமேட்டுக் காற்று, பேச்சுத் துணைக்கு அட்டைப்பெட்டிகள். ஓனர் மூட்டைகளைக் காட்டிச் சொன்னது இதுதான்: “பாஸ்கர், பொங்கலுக்குள்ள இதெல்லாம் போகணும். இல்லேன்னா நீ பெருங்குடிக்குப் போகணும்.”

தலைக்கு மேல் தலை

முதல் போணி மயிலாப்பூர் மாமா ஒருவர். ரிட்டயரான பிறகு டாக்டர் சொல்லி சைக்கிள் மிதிக்கிறவர். மாமியோடு வந்தார். வரும்போதே தலையில் குரங்குக் குல்லா. வெளியே கரும்புச் சாறு வண்டியில் கூட்டம் நிற்கிறது, இவருக்கு மட்டும் ஊட்டி. ஜெர்கினைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஹெல்மெட்தான் வம்பு. குல்லாவைக் கழற்ற மாட்டாராம், பனி இறங்கிவிடுமாம். குல்லாவுக்கு மேலேயே போட்டுப் பார்த்தோம். இருப்பதில் பெரிய சைஸ்கூட உச்சந்தலையில் தேங்காய் மூடி மாதிரி உட்கார்ந்தது. “மாமா, காதை இப்படி இறுக்கி மூடினா பின்னால வர்ற பஸ் ஹாரன் கேக்காதே,” என்றேன். மாமா “ஆங்?” என்றார். மாமி பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: “அவருக்குக் காது மூடிண்டிருந்தா என்ன, திறந்துண்டிருந்தா என்ன? நான் சொல்றது என்னிக்கு விழுந்தது?”

வெங்காயத் தோல்

அடுத்தவர் அடையாறு சைக்கிள் குழுவின் தலைவர். ஐ.டி.யில் பெரிய வேலை. விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதித்துவிட்டு, ஊர் எழுவதற்குள் நெய்ப் பொங்கல் சாப்பிட்டு, எரித்ததைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வருகிற குழு. வெள்ளைக்காரன் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். குளிரில் வெங்காயத் தோல் மாதிரி உடம்போடு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று அடுக்க வேண்டுமாம். அவர் போனில் காட்டிய அந்த வீடியோவில் பின்னால் பனிக்கட்டி மலை தெரிந்தது. திருவான்மியூரில் தெரிவது இட்லிக் கடை என்று சொல்ல நாக்கு துடித்தது. பெருங்குடியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூன்று அடுக்கும் வாங்கினார், குழுவுக்கும் வாங்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி முடிந்து அவர் கடைக்கு வந்தபோது கழுத்தெல்லாம் வேர்க்குரு. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பகீரென்றது. மெதுவாக, “குளிர் தாங்குச்சா சார்?” என்றேன். அவர் வந்தது வேர்க்குருப் பவுடர் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்க. “கிளம்பின கொஞ்ச நேரத்துலயே எல்லாத்தையும் கழட்டிட்டோம். பயப்படாதீங்க பாஸ்கர், போட்டோ எடுத்ததுக்கு அப்புறம்தான்!”

சாமியும் சிவப்பு விளக்கும்

அதே குழுவில் தேனாம்பேட்டைக்காரர் ஒருவர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கருப்பு வேட்டி, வெறுங்கால். குழுவிலோ பளீர் மஞ்சள் சட்டைதான் போட வேண்டும் என்று சட்டம்; இருட்டில் லாரிக்காரர் கண்ணில் பட வேண்டும் அல்லவா? “சாமி, மஞ்சள் ஆகாது. கருப்புல இருக்கா?” என்றார். கருப்பு ஜெர்கின் மலைபோலக் கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது, கருப்பு ஜெர்கின், கருப்பு வேட்டி, கருப்பு சைக்கிள், விடியாத நேரம். ஒரு ஜெர்கின் தள்ளுகிற ஆசையில் ஒரு சாமியை லாரியிடம் அனுப்புகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

முதுகில் மாட்டுகிற சிவப்பு விளக்கு ஒன்றைக் காட்டினேன். சாமி தயங்கினார். விரதத்தில் சிவப்பு மின்னலாமா என்று குருசாமியிடம் கேட்க வேண்டுமாம். வாசலுக்குப் போய் போனில் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகத்தில் தெளிவு. “ரெண்டா குடுங்க சாமி. எரியறதெல்லாம் ஜோதிக் கணக்குல வரும்னுட்டாரு.”

கடைசி உருப்படி

இப்படியே ஒவ்வொருவர் தலையிலாகக் கட்டி, போகிக்கு முதல் நாள் ஒரே ஒரு ஜெர்கின் பாக்கி. வந்ததிலேயே பெரிய சைஸ். உள்ளே இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம். அந்த ஒன்றுக்காக என் ரசம் சாதம் பறிபோய்விடுமோ என்று நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கடை வாசலில் சைக்கிளில் டீ விற்கும் ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்து, “அது இன்னா வெல நைனா?” என்றார். சொன்னேன். அடித்துப் பேரம் பேசினார். ஓனர் தலையாட்டியதும் வாங்கிக்கொண்டு வெளியே போய், கேரியரில் இருந்த டீ கேனுக்கு மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார். ஜெர்கின் கை இரண்டையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டதும் கேன் கைகட்டி நின்றது. “ஏன் ஏழுமலை, நீங்க போட்டுக்கலையா?” என்றேன். “எனக்கு இன்னாத்துக்கு? மிதிச்சிக்கினே கீறேன், வேர்த்துக் கொட்டுது. கேனுதான் நைனா சும்மா குந்திக்கினு குளிர்ல ஆறிப்பூடுது.”

பரிசு

பொங்கல் முடிந்து கடை திறந்த அன்று, காலியான ஸ்டாண்டைப் பார்த்து ஓனர் என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முன் என்னை அவர் தொட்டதே இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மத்தியானம் மந்தைவெளிக்குப் போய்ச் சாப்பிட்டு அசந்து தூங்கினேன். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. திரும்பி வந்ததும் ஓனர் தோளில் கை போட்டார். “சென்னையில பஞ்சு ஜெர்கின் வித்தவன் நீ. கோடவுன்ல ரெயின்கோட்டா தேங்கிக் கிடக்கு பாஸ்கர், மழை வேற நின்னுடுச்சு. உன்னை விட்டா யாரு? நாளையிலேர்ந்து பெருங்குடி.”

மார்கழிக்கு என்ன உடுப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், இப்போது தை மாத வெயிலில் டப்பா சாதத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பெருங்குடிக்கு மிதிக்கிறேன், விளம்பரத்துக்காக ஓனர் போடச் சொன்ன ரெயின்கோட்டோடு.