மல்லிச் சட்டியில் ஊறிய ஓக் கொட்டைகள்

நான் பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அவள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குத் தந்தாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்றுதான். அவள் அதை மறந்துவிட்டு டேனிஷ் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய் வருகிறாள். நான் மறப்பதில்லை. அவள் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால்கூட கோப்பையோடு பின்னால் போய் நிற்பேன்.

எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பார்கள். கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு பெரிய ஓக் மரம் நிற்கிறது. போன வருடம் ஒக்டோபரில் என் முடிவு நன்றாக வந்த சந்தோஷத்தில் அந்த மரத்தடியில் குனிந்து ஒரு பை நிறையக் கொட்டை பொறுக்கினேன். கொட்டைப்பாக்களவு, பழுப்பு நிறம், வழுவழுப்பான தோல். வீட்டில் முளைக்க வைத்து, மகள் பள்ளி முடிக்கும் வருடம் எங்காவது நட வேண்டும் என்று நினைத்தேன். ஓக் மரம் வளர்ந்து முடிக்க நூறு வருடமாவது வேண்டுமாம். மூன்று மாதம் மூன்று மாதமாக ஆயுளை எண்ணும் எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆசை வந்தது வேடிக்கைதான்.

கொட்டைகளை ஓர் இரவு தண்ணீரில் போட வேண்டும். மிதப்பவை பூச்சி அரித்தவை, தாழ்பவைதான் முளைக்கும். எனக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து இருப்பதால் மண்ணைத் தொடும்போது கையுறை போடச் சொல்லியிருக்கிறார்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டுதான் கொட்டைகளைக் கழுவினேன். என்னைக் காப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊற வைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. கைக்கெட்டிய மல்லிச் சட்டியை எடுத்தேன்.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்குச் சளி பிடித்துத் தடிமன் வந்தால் மற்றவர் அதில் மல்லி விதை, வேர்க்கொம்புச் சுக்கு, திப்பிலி போட்டு அவித்து, வடித்து, அடுப்பின் பின்மூலையில் மூடி வைப்பது வழக்கம். தடிமன்காரர் வேலையால் வந்து சூடாக்கிக் குடிப்பார். கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. அந்தச் சட்டியில் வேறெதுவும் வைப்பதில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகச் சப்பாத்தைக் காலில் மாட்டியபடி, "தொண்டை நோகுது" என்றாள். "ஓம்" என்றேன். என் கவனமெல்லாம் கொட்டைகளில். தாழ்ந்தவற்றைப் பொறுக்கி, ஈர மணல் போட்ட பெட்டியில் புதைத்து, பெட்டியை யன்னலோரம் வைத்தேன். சட்டியில் மிஞ்சிய தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. ஊற்ற நினைத்தேன். காரை அவள் கொண்டு போயிருந்தாள், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மூடியைப் போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடினேன்.

மாலை வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இஞ்சருமப்பா, இதுக்குள்ள இருந்த தண்ணி எங்கை?"

"குடிச்சிட்டன். ரெண்டு கோப்பை வந்துது. திப்பிலியைக் கூடப் போட்டிட்டியள் போல, ஒரே கசப்பு. சீனி போட்டுத்தான் இறங்கிச்சுது."

 நான் யன்னலோரம் போய் மணல் பெட்டியைக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் இருந்த மகள் உடனே கைபேசியில் தேடி டேனிஷில் வாசிக்கத் தொடங்கினாள். ஓக் கொட்டையைக் கூடுதலாகத் தின்ற குதிரைகளும் மாடுகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும் என்று இருந்தது. சிறுநீரகம் என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு மெல்லிய குரலில், டேனிஷிலேயே, "அம்மா குதிரை இல்லைத்தானே" என்றாள்.

நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் இலக்கத்துக்கு அழைத்தேன். எத்தனை மணி நேரம் ஊறியது, தோல் வெடித்திருந்ததா, எவ்வளவு குடித்தார் என்று ஒரு பெண் நிதானமாகக் கேட்டார். வயிற்று வலி வரலாம், பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் வராது என்றார். எனக்கு உயிர் வந்தது. அவருக்கு வேறு நோய் ஏதும் உண்டா என்று கேட்டார். ஒரு சிறுநீரகம்தான் என்றேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.  எதற்கும் இன்றே இரத்தம் எடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் தாதி எனக்குப் பழக்கமானவர். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, கையில் இறுக்கிக் கட்டும் பட்டியோடு நேராக என் கையைத் தேடி வந்தார். "இன்றைக்கு நான் இல்லை" என்றேன். அவருடைய சிரிப்பு போய்விட்டது. நான் சுவரோரம் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தேன். அது எப்போதும் அவள் இருக்கும் கதிரை. நான் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்த காலத்தில், கிழமையில் மூன்று நாள், அப்படியொரு கதிரையில் இருந்து அவள் பின்னல் வேலை செய்துகொண்டிருப்பாள். அவளுக்கென்ன, நிம்மதியாகப் பின்னுகிறாள் என்று நான் எரிச்சல்பட்டதுண்டு. அன்றைக்கு அவளுடைய மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் நான் இருந்தேன். பின்னுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

முதல் முடிவில் பிழையில்லை. ஆனால் கேடு இருந்தாலும் தெரிய நாள் எடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மணல் பெட்டியைத் தூக்கிக் குப்பைவாளிக்குள் எறிந்தேன். அடுத்த இரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை. அவள் குடிக்கும் தண்ணீரை அளந்தேன். கழிவறைக்குப் போய் வந்தால் வாசலில் நின்று, "எவ்வளவு போச்சுது? என்ன நிறம்?" என்று கேட்டேன். கால் வீங்குகிறதா என்று தடவிப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் கொட்டாவி விட்டதுகூட எனக்கு நோயின் அறிகுறியாகத் தெரிந்தது.

"நான் என்ன பசுமாடே, வாளியோட பின்னால திரியிறியள்?" என்றாள்.

இரண்டாம் முறை இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, காரில் வைத்து நான் ஒப்புக்கொண்டேன்.

"அண்டைக்கு நான் உமக்கெண்டு ஒண்டும் வைக்கேல்லை. தொண்டை நோகுதெண்டு நீர் சொன்னது காதிலயே விழேல்லை."

"கொட்டைப் பெட்டியைக் காட்டினவுடனை விளங்கீட்டுது" என்றாள். கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். "வேற ஆரும் தந்திருந்தால் முதல் வாயிலையே துப்பியிருப்பன். வேலைக்கு ஓடுற அவசரத்துக்குள்ளையும் எனக்காக அவிச்சு வைச்சிட்டுப் போட்டார் எண்டு நினைச்சன். அதுதான் மிச்சம் விடாமல் குடிச்சன்."

எனக்கு வீதி மங்கலாகிவிட்டது. காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் மதியம் தொலைபேசியில் சொன்னார்கள்: எல்லாம் சரி. நான் குசினித் தரையில், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் என்னைத் தாண்டிப் போய், களஞ்சிய அறையிலிருந்து மணல் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். குப்பையிலிருந்து அன்றைக்கே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அதுகள் என்ன பிழை விட்டதுகள்?"

சில கொட்டைகள் தோல் வெடித்து வெள்ளை வேர் விட்டிருந்தன. ஓக் முதலில் வேரைத்தான் ஆழமாக விடும். அதனால் உயரமான வெற்றுப் பால் அட்டைப்பெட்டிகளில் அடியில் துளையிட்டு நட்டோம். மே மாதம் ஏழு முளைத்தன. கோடை முடிய ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இலை வந்திருந்தது.

இந்தக் குளிர்காலம் அவளுக்கு மறுபடி தடிமன் வந்தது. புதுச் சட்டி வாங்கியிருந்தேன். மல்லித்தண்ணீரை அவித்து, அவள் குடிக்க முன் நான் ஒரு வாய் குடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். நானே அவித்ததுதான், இருந்தாலும் பயம். ஒவ்வொரு நாளும் இப்படிச் செய்வதைக் கண்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"நல்லாச் சோதியுங்கோ. நீங்கள் சோதிக்கிறதும் என்ரை கிட்னியிலதான்."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து முதல் வாயை யார் குடிப்பது என்று தெரியாமல், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.