மூக்கைக் கட்டிக்கொண்டு பார்த்த பிரேக்

அந்த வட்டாரத்தில் மெக்கானிக்கை எல்லோரும் மூக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. வண்டியின் முன்மூடியைத் தூக்கி ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், கிளட்ச் கருகுகிறதா, வயர் வேகிறதா என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கால் அவன் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து இருக்கைக்காரரின் தலை எண்ணெய் வாடை தாங்காமல் பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கியிருக்கிறான். யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அக்காவின் பிழைப்போ, கேன்டீன்களில் மிஞ்சும் எச்சில் சாப்பாட்டை டிரம்களில் அள்ளிக்கொண்டுபோய்ப் பன்றிப் பண்ணைகளில் இறக்குவது. அத்தான் போனபிறகு அந்த இருபது வயதுப் பிக்கப்பை அவளே ஓட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மூக்கன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பின்தட்டின் இடுக்குகளிலிருந்து கொழகொழவென்று ஏதோ சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டில் ஈ மொய்க்கும்.

முதல் தடவை அவள் வந்தபோது இடது முன்சக்கரம் மட்டும் சூடாவதாகச் சொன்னாள். மூக்கன் துண்டை மடித்து மூக்கைச் சுற்றி இறுக்கக் கட்டிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகராமல் துருப்பிடித்து நின்றிருந்தது. துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி மூடினான். பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து ஊற்றினான். எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது. வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் அவன் மனைவி அந்த இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அக்கா அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனாள்.

பத்து நாளில் மறுபடியும் வந்தாள். இப்போது இரண்டு முன்சக்கரமும் சுடுகிறது, வண்டி இழுக்கமாட்டேன் என்கிறது என்றாள். மூக்கன் பட்டறை வாசலைவிட்டு இறங்கவே இல்லை. பெடலில் காலை வைத்தபடியே ஓட்டினால் சூடாகத்தான் செய்யும் என்று அங்கிருந்தே சொல்லி அனுப்பிவிட்டான்.

மூன்றாவது தடவை அவள் வந்த கோலம் வேறு. சரிவில் இறங்கும்போது இரண்டு சக்கரத்திலும் புகை கிளம்பி, பெடல் கல்லாக இறுகி, வண்டி நட்டநடுச் சாலையில் நின்றுவிட்டது. டிரம் ஒன்று சரிந்து கொட்டியது. போகிறவர் வருகிறவரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவள் ஒற்றை ஆளாக முறத்தால் அள்ளியிருக்கிறாள். சூடு ஆறியதும் வண்டி தானாக நகர்ந்ததாம். முழங்கைவரை எச்சில் காய்ந்துபோன கையோடு பட்டறைக்கு வந்து நின்றாள்.

"இன்னைக்காவது ஒழுங்கா பாரு. நான் எதிர்ப்பக்கம் போய் உக்காந்துக்குறேன். நாத்தம் உன்கிட்ட வராது."

மூக்கன் துண்டைக் கட்டிக்கொண்டான். ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் சமர்த்தாகச் சுழன்றன. ஆறிய வண்டியில் நோய் தெரியாது. சூடாக்கித்தான் பார்க்க வேண்டும், அதற்கு அவனே ஓட்டியாக வேண்டும். பிசுபிசுத்த ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி அழுத்தி மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். மூன்றாவது சுற்றில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி திணறியது. திரும்பத் தூக்கினான். இரண்டு சக்கரமும் ஆணி அடித்தாற்போல் நின்றன.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் அந்தச் சக்கரத்தில் கோளாறு. இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினான். பெடலில் யாருமே கால் வைக்காதபோதும் ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. உடனே சக்கரம் விட்டுக்கொடுத்தது. திருகை மூடி, பெடலை அழுத்தி மறுபடி பிடிக்கவைத்து, இந்த முறை மேலே, பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினான். இரண்டு சக்கரமும் சேர்ந்தே விட்டன. ஆக, இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் அடைப்பில்லை. அழுத்திய ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் திரும்ப வாங்கவில்லை.

ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்த ரப்பர், குளவி கொட்டிய உதடுபோல வீங்கித் தொங்கியது. உள்ளிருக்கும் ரப்பர்களும் இப்படித்தான் ஊதி, ஆயில் திரும்பும் துளையை அடைத்திருக்க வேண்டும். கூடாத ஆயில் எதையோ ஊற்றினால்தான் இப்படி ஆகும். விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். துண்டு மறைத்தது. கீழே இழுத்துவிட்டு முகர்ந்தான். ஸ்டீயரிங் ஆயில்.

"எந்தக் கேடுகெட்டவன் இதுல கைய வெச்சான்?"

"உன்னைத் தவிர ஒருத்தரும் தொடலையே," என்றாள் அக்கா, எதிர்ப்பக்கத்திலிருந்து.

மூக்கன் அலமாரி டப்பாவை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினான். பிரேக் ஆயிலாக இருந்தால் தண்ணீரோடு கலந்துவிடும். இது எண்ணெய்போல மேலே மிதந்தது. எப்போதோ மிஞ்சிய ஸ்டீயரிங் ஆயிலைக் காலி பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றியவன் அவன்தான். மேலே எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்ததும், எழுதாமல் விட்டதும் நினைவுக்கு வந்தன. மூக்கு திறந்திருந்தால் அன்றைக்கு மூடியைத் திருகும்போதே பிடிபட்டிருக்கும்.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். அருவருப்பு போகவில்லை. வண்டியின் நாற்றம் அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தன் கைதான் அவனுக்கு நாறியது. டப்பா பாதிக்குமேல் காலியாக இருந்தது. குழாய் வேலைக்காரரின் வேன், டீச்சரின் பழைய கார், இந்த இரண்டிலும் அக்கா முதல் தடவை வந்துபோன அன்றே, வாடை போகவில்லையென்று கட்டிய துண்டை அவிழ்க்காமல், அதிலிருந்துதான் ஊற்றியிருந்தான்.

அங்கேயே நின்று இரண்டு பேருக்கும் போன் போட்டான். தப்பான ஆயிலை ஊற்றிவிட்டேன், வண்டியை எடுக்காதீர்கள், நானே வந்து சரிசெய்து தருகிறேன் என்று சுற்றி வளைக்காமல் சொன்னான். குழாய்க்காரர் திட்டித் தீர்த்துவிட்டு, வந்து தொலை என்றார். டீச்சர் திட்டக்கூட இல்லை.

"காலைல என் பிள்ளைங்கள அதுலதான் கூட்டிட்டுப் போனேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். காரை வேறு பட்டறைக்குக் கட்டி இழுத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டான். அந்தப் பட்டறைக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

பிக்கப் வேலை மூன்று நாள் இழுத்தது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களை அலசி, சீல் பிரிக்காத புது டப்பாவிலிருந்து ஆயில் ஊற்றினான். முகத்தில் துணி கட்டவில்லை. இரண்டாவது நாள் பட்டறைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தான்.

அக்கா அதைப் பார்த்தாள். பரிதாபப்படவில்லை.

"என் வீட்டுல நீ கை நனைக்காதது எனக்கு வருத்தமில்ல. உன் சுபாவம் அது. ஆனா நாத்தத்துக்குப் பயந்து பிரேக்கைப் பாக்காம அனுப்பினே பாரு, அதை மறக்க எனக்கு நாளாகும்டா."

மூக்கன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

டிரம்களை நிரப்பிக்கொண்டு இருவருமாக அதே சரிவில் இறங்கினார்கள். அடிவாரத்தில் நிறுத்தி, புறங்கையால் இரண்டு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தான். வலது, இடது இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்பு. கையால் தள்ளினால் வண்டி நகர்ந்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டு அக்கா பண்ணைக்குப் போனாள். போய்ட்டு வரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வரும்போது பின்தட்டைப் பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். மூக்கன் முகத்தைச் சுளித்தபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இது அதைவிட மோசமா இருக்குக்கா. அடுத்த தடவை அப்படியே கொண்டு வா," என்றான்.