முக்கால் அங்குல டேப்

சாயங்காலம் நாலு பத்து. நான் வேலை பார்க்கும் மின்சாரச் சப்-ஸ்டேஷன் டெலிபோனில்தான் செய்தி வந்தது. இளம்பிள்ளை ஊரில் தன் அம்மா வீட்டில் விஷ ஜுரத்தோடு படுத்திருந்த என் மனைவி சரசு போய்விட்டாள் என்று சொன்னார்கள். ரிசீவரை மாட்டிவிட்டு, பழக்கத்தில் லாக் புஸ்தகத்தில் நேரத்தைக் குறித்தேன். 4-10. பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை… அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நண்பர்களே, நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த மாதம் மோட்டாரைப் பற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. இப்போது எனக்கு வருவதெல்லாம் ஒரு வாசனைதான். தாரும் ரப்பரும் கலந்த கறுப்புத் துணி டேப். ஒயர் ஜாயின்ட்டில் சுற்றுவோமே, அதே டேப்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். யுத்த காலம், டயர் கிடைக்காது. என் சைக்கிளின் பின்டயரில் கிழிந்த இடத்துக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சுற்றுக்கு ஒரு தரம் டொக்கென்று தூக்கிப் போடும். அந்த வண்டியில்தான் சரசுவைக் கேரியரில் உட்காரவைத்து, சங்ககிரியிலிருந்து அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். மாமனார் பஸ்ஸில் அழைத்துவரச் சொல்லிக் கார்டு போட்டிருந்தார். "புள்ளையப் பத்தரமாக் கூட்டியாங்க" என்ற வரிக்கு அடியில் கோடு வேறு.

மகுடஞ்சாவடி தாண்டி ஓர் இறக்கம். எதிரே கரியில் ஓடும் லாரி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. ஒதுங்கினேன். ஜல்லி. இரண்டு பேரும் கீழே.

எனக்கு உள்ளங்கை இரண்டும் தோலுரிந்துவிட்டது. அவளுக்கு இடது முழங்கையில் நாலு விரல் அகலத்துக்குச் சிராய்ப்பு. எழுந்ததும் அவள் முதலில் பார்த்தது கையை இல்லை, சேலையை. அவள் அப்பா நெய்தது. கிழியவில்லை என்றதும் முகம் தெளிந்துவிட்டது.

எனக்குத்தான் தெளியவில்லை. கோடு போட்ட அந்த வரி கண்ணிலேயே நின்றது. ரத்தம் ஒழுகும் கையோடு இவளை எப்படி அந்த வாசலில் கொண்டுபோய் இறக்குவது?

ஹேண்டில்பாரில் டூல் பை தொங்கியது. டெக்னிக்கல் ஸ்கூல் மூளை அல்லவா… திறந்து கிடப்பதை மூடு, தூசியும் ஈரமும் போகக் கூடாது. டேப்பை எடுத்து அவள் முழங்கையில் சுற்றினேன். ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி, பரீட்சையில் மார்க் வாங்கும் அளவுக்கு ஒழுங்காக. காயத்தைக் கழுவக்கூட இல்லை.

"ஏனுங்க, எரியுதுங்க."

"கொஞ்ச நேரந்தான். இனிமே தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

"கரண்டு அடிச்சாலும் ஆகாதுங்களா?"

மீதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

வீட்டில் மாமியார் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமனார் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கறுப்புச் சுற்றையே பார்த்தார். டேப் ரத்தத்தோடு காய்ந்து தோலோடு பிடித்துவிட்டிருந்தது. மைத்துனன் முருகேசன் நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம் என்றான். நானும் தலையாட்டினேன்.

சரசு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தறியில சிக்கு உழுந்த பாவு நூலையும் இப்படித்தான் இழுப்பியாடா? உடுங்க, ரெண்டு பேரும்."

தேங்காயெண்ணெயை லேசாகச் சுடவைத்து, துணியில் நனைத்து, டேப்பின்மேல் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். அரை மணி நேரம்.

அதுவரை வீணாக இருப்பானேன் என்று என் உள்ளங்கையைக் காய்ச்சிய தண்ணீரில் கழுவி, முள்வாங்கியால் ஜல்லித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினொன்று. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வலித்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

எண்ணெயில் தார் இளகி, டேப் சுற்றுச் சுற்றாகத் தானே விட்டது. தோல் ஒரு துளிகூட வரவில்லை. கழுவி, ஒட்டியிருந்த மண்ணை எடுத்து, மஞ்சள் குழைத்துப் பூசினார்கள்.

மாமனார் அந்த டேப்பை விரலில் புரட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் வாயைத் திறந்தார். "சுத்துனது நல்லாத்தான் சுத்தியிருக்கறீங்க மாப்ள. இனிமே ஆளுக்குச் சுத்தாதீங்க."

வீடே சிரித்தது. முருகேசனுக்கு அன்றிலிருந்து நான் டேப்பு மாமா.

டேப் அழுத்திய இடத்தில், டேப்பின் அகலத்துக்கே, முக்கால் அங்குலத்துக்கு ஒரு வெளுத்த பட்டை அவளுக்கு நிலைத்துவிட்டது. என்ன அளவு டேப் வாங்கவேண்டும் என்று நான் யோசித்தால் முழங்கையை நீட்டுவாள். கடைசியாக அவளைப் பார்த்தபோதும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பட்டைதான்.

இப்போது சப்-ஸ்டேஷனில் அயோடின், பஞ்சு, ஸல்ஃபா பவுடர் எல்லாம் வைத்த பெட்டி இருக்கிறது. போன வாரம் கேட் பக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. கழுவி, மருந்து வைத்து, சுத்தமான துணியால் கட்டினேன். ஒரு தப்புமில்லை. நன்றாக ஆறுகிறது… பார்த்துச் சிரிக்கத்தான் ஆளில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாகச் சேலத்துக்கே வந்துவிடு என்று தினமும் வீட்டு டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்கிறீர்கள். வருவேன். அவளுடைய எண்ணெய்ப் புட்டி இன்னும் ஜன்னலில் இருக்கிறது. கொஞ்சம் ஊறட்டும்.

இன்று எனக்கு லீவு. டூட்டியில் வேறு ஆள் இருக்கிறார். வீட்டுக்கு வரும் டெலிபோன் ஒயரைக் கழற்றி, நுனியில் மூன்று சுற்று டேப் போட்டிருக்கிறேன். நல்லாத்தான் சுத்தியிருக்கிறேன்.